வெனிலா எசன்ஸ் செய்ய 95% ஆல்கஹால் சென்னையில் கிடைக்குமா?

"அமெரிக்க வீடியோக்களில் எவர்கிளியர் ஊற்றி வெனிலா எசன்ஸ் செய்கிறார்கள். சென்னையில் அது எங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால் மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டை ஊற்றலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது.

நான் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்பிரிட் என்று பெயர் இருந்தாலே எல்லாம் ஒன்றுதான் என்று படித்தவர்களே நினைப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன்.

எவர்கிளியர் என்பது அமெரிக்காவில் விற்கும் ஒரு மது, தானியத்தைப் புளிக்கவைத்து வடிப்பது. லேபிளில் 190 புரூஃப் என்று இருக்கும். அமெரிக்கக் கணக்கில் அதில் பாதி, அதாவது 95%. நம் ஊரிலும் அதற்கு இணையான சரக்கு தயாராகிறது. கரும்பாலைக் கழிவுப்பாகு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வடிக்கிறார்கள். ஆனால் அது மதுபான ஆலைகளுக்குப் போய், தண்ணீர் கலந்து 42.8% ஆகித்தான் டாஸ்மாக் கடைக்கு வரும். அப்படியே வாங்க வழியில்லை.

மரச்சாமான் பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட்டில் யாரும் குடித்துவிடக் கூடாது என்றே மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் போன்றவற்றைக் கலப்பார்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர் பலவற்றில் இருப்பது ஐசோபுரொபைல் ஆல்கஹால், அதுவும் விஷம்தான். மெத்தனாலை மோந்து பார்த்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாகி, கண் நரம்பைத் தாக்கும். பல மணி நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் பார்வை மங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். யாராவது தவறிக் குடித்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு.

ஆய்வகத்து 99.9% ஆல்கஹாலும் வேண்டாம். சாதாரணமாக வடித்தால் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் போகாது. மிச்சத் தண்ணீரை நீக்க பென்சீன் சேர்த்து வடிப்பது பழைய முறை. அந்தப் பென்சீன் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், அது புற்றுநோய் உண்டாக்கும்.

இன்னொன்று: 95% ஆல்கஹாலின் ஆவி 17 டிகிரியிலேயே, ஒரு பொறி பட்டால் போதும், தீப்பிடிக்கும். நம் சமையலறை மார்கழியில்கூட அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். பக்கத்தில் கேஸ் அடுப்பு வேறு.

சரி, எசன்ஸுக்கு என்ன செய்வது? சாதாரண வோட்கா போதும். அமெரிக்க விதிப்படியே வெனிலா எசன்ஸில் 35% ஆல்கஹால் இருந்தால் போதும். நம் வோட்காவில் 42.8% இருக்கிறது. 100 மில்லிக்கு 10 கிராம் வெனிலா காய் என்ற கணக்கில், காயை நீளவாக்கில் கீறிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, முழுதும் மூழ்கும்படி ஊற்றுங்கள். வெயில் படாத அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். இரண்டு மாதத்தில் கேக்குக்கு எடுக்கலாம். ஆறு மாதம் விட்டால் மணம் இன்னும் நன்றாக இருக்கும்.