ஒரு கை பர்ஸில் இருக்கட்டும்

செப்டம்பர் வந்தால் போதும், பொருள் வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி முட்டைப் பந்தை, அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றித்தான். மெத்தை, மிக்ஸி, பழைய கார் எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கா வந்த புதிதில், 'இது என்ன ஆட்டம், பத்து செகண்ட் ஓடுகிறார்கள், அப்புறம் கூடிக் கூடிப் பேசுகிறார்கள்' என்று கேலி செய்துவிட்டு, மூன்றாம் வருஷம் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மேல் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாதவர்களாக மாறியவர்கள் நாம். நான் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ரசிகன் வேறு. எங்கள் அணி சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்தது ஒரே ஒரு முறை, 1969 ஜனவரியில். ஆகவே நஷ்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு ஆகஸ்ட் கடைசியில் டாலஸ் கௌபாய்ஸ் அணியின் ஜெர்சி வாங்கினேன். 11ஆம் நம்பர், மைக்கா பார்சன்ஸ். ஒரிஜினல்தான், 130 டாலர் ஆனது. ஒரே வாரத்தில் அவரை கிரீன் பே அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பையன் சட்டையைத் தொடவே மாட்டேன் என்கிறான். கடையில் திருப்பி எடுப்பார்களா?
— வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: முதலில் என் கதையைக் கேளுங்கள். 2023இல் ஆட்டக்காரர் ஏரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்கு வந்தபோது நானும் 8ஆம் நம்பர் சட்டை வாங்கினேன், அதே 130 டாலர். செப்டம்பர் 11, திங்கள் இரவு, சீசனில் எங்கள் முதல் ஆட்டம். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து முறுக்கு டப்பாவைத் திறந்தேன். நாலாவது ஸ்னாப்பில், அதாவது பந்தை நாலாவது முறை எடுத்து ஆடத் தொடங்கியதுமே, குதிகால் தசைநார் அறுந்து மனிதர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சீசன் அவ்வளவுதான். ஸ்னாப் ஒன்றுக்கு 32 டாலர் 50 சென்ட் ஆகிறது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025இல் அவர் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். சட்டையை என் மனைவி தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடும்போது போட்டுக்கொள்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சட்டையில் குறை இல்லை, ஆகவே திருப்பி எடுக்க வேண்டிய கட்டாயம் கடைக்கு இல்லை. ஆனால் லேபிள் கிழிக்காமல் இருந்தால், வழக்கமான ரிட்டர்ன் கெடுவுக்குள் கொடுத்துப் பாருங்கள். வாங்கிய சில நாட்களுக்குள் ஆட்டக்காரர் அணி மாறினால் வேறு ஜெர்சி தருகிறோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஆட்டக்காரர் அதே அணியில் இருந்துகொண்டு நம்பரை மட்டும் மாற்ற நினைத்தால், ஒரு வருஷம் முன்பே சொல்ல வேண்டும். உடனே வேண்டுமென்றால், பழைய நம்பரில் தேங்கிக் கிடக்கும் சட்டைகளை அவரே விலைக்கு வாங்க வேண்டும். ஆட்டத்தை நடத்தும் அமைப்பான லீகில் அப்படி விதி இருக்கிறது. கம்பெனி சரக்குக்கு இவ்வளவு பாதுகாப்பு. உங்கள் வீட்டு அலமாரிக்கு ஒன்றும் இல்லை. அடுத்த முறை ரோஜர் ஸ்டாபாக், 12ஆம் நம்பர் வாங்குங்கள். எல்லா வருஷமும் டாலஸுக்கே ஆடி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவரை யாரும் வேறு ஊருக்கு அனுப்ப முடியாது.

கேள்வி: பேரன்கள் நாலு பேருக்கும் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து எங்கள் ஊர் சீஃப்ஸ் அணியின் ஜெர்சி வாங்கினேன். ஒன்று 29 டாலர், 'தையல் போட்ட எண்' என்று போட்டிருந்தது. ஐந்து வாரம் கழித்து வந்தது. ஆட்டக்காரர் மஹோம்ஸ் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். முதல் துவையலில் அவருடைய 15ஆம் நம்பரில் 5 உரிந்துவிட்டது. ஈமெயிலுக்குப் பதில் இல்லை. மருமகள் சிரிக்கிறாள்.
— தாத்தா, கேன்சஸ் சிட்டி

பதில்: ஐயா, வெட்கப்பட வேண்டியது விற்றவன், நீங்கள் இல்லை. சூப்பர் பௌல் வரும்போதெல்லாம் மத்திய அரசின் சுங்க அதிகாரிகள் மூட்டை மூட்டையாகப் போலிச் சரக்கைப் பிடிக்கிறார்கள். அவ்வளவு பெரிய வியாபாரம் இது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்றே கார்டு கம்பெனிக்கு எழுதுங்கள். அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். உரிந்த 5ஐயும் தப்பான பெயரையும் போட்டோ எடுத்து, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு வையுங்கள். விற்றவர் சட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லி, பத்து டாலர் தருகிறேன் என்று பேரம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கெடு நாட்களைக் கரைப்பதற்கான வழி அது.

மருமகளுக்கும் ஒரு தகவல்: அசல் ஜெர்சியிலேயே மலிவான 'கேம்' ரகத்தில் எண் அச்சடித்துத்தான் வரும், 130 டாலர் வாக்கில். தைத்த எண் வேண்டுமென்றால் 'லிமிடெட்', இன்னும் நாற்பது ஐம்பது டாலர் கூட. 29 டாலருக்குத் தையல் என்றால் நூல் விலைக்கே போதாது.

கேள்வி: எங்கள் ஊர் ஈகிள்ஸ் அணியின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும் என்று 'சண்டே டிக்கெட்' டி.வி. சந்தா வாங்கினேன். நூற்றுக்கணக்கான டாலர். ஈகிள்ஸ் ஆட்டம் மட்டும் வரவில்லை! ஏமாற்று வேலைதானே?
— வாசகர், ஃபிலடெல்ஃபியா

பதில்: ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்துகொண்டு ஈகிள்ஸ் பார்க்க சண்டே டிக்கெட் வாங்கினீர்களா? அது வெளியூர் ஆட்டங்களுக்கான பேக்கேஜ். உள்ளூர் சேனலில் வராத ஞாயிறு மதிய ஆட்டங்கள் மட்டும்தான் அதில் வரும். வாங்கும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. படித்திருக்க மாட்டீர்கள்.

இருபது முப்பது டாலருக்கு ஒரு ஆன்டெனா வாங்கி ஜன்னலில் ஒட்டுங்கள். உங்கள் அணியின் ஞாயிறு ஆட்டங்கள் சி.பி.எஸ்., ஃபாக்ஸ், என்.பி.சி. என்று இலவசமாகவே வரும். வியாழன் இரவு ஆட்டம் 2022 முதல் அமேசானில்தான் என்றாலும், ஆடும் இரண்டு அணிகளின் சொந்த ஊரில் மட்டும் ஏதாவது ஒரு உள்ளூர் சேனலிலும் காட்டுவார்கள். பலருக்கு இது தெரியாது, சொல்லவும் மாட்டார்கள்.

ஆனால் விலையைப் பற்றிய உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. எனக்குப் பிடித்த ஒரு அணியை மட்டும் குறைந்த விலைக்குக் கொடு என்றால் கொடுக்க மாட்டார்கள், எல்லாவற்றையும் சேர்த்து வாங்கு என்பார்கள். இதற்காகச் சந்தாதாரர்களும் ஸ்போர்ட்ஸ் பார்களும் போட்ட வழக்கில், 2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி லீகை 470 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆகஸ்ட் முதல் தேதி நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார். நடுவில் ஒரு மாதம் நான் அந்தப் பணத்தில் என் பங்கை மனசுக்குள் செலவழித்து முடித்திருந்தேன்.

கேள்வி: கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் கம்பெனி பங்கு வாங்கலாமா? டிவிடெண்ட் எப்படி?
— வாசகர், மில்வாக்கி

பதில்: டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறாது. விற்க முடியாது, குடும்பத்தாருக்கு எழுதி வைக்கலாம். 2021இல் ஒரு பங்கு 300 டாலருக்கு விற்றார்கள், அதற்கு முன் 2011இல் 250. 1923 தொடங்கி அதுவரை ஆறே முறைதான் விற்பனை. 'என்னிடம் ஒன்று இருக்கிறது, தள்ளிவிடுகிறேன்' என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அணியே அறிவித்து விற்கும்போது, சுவரில் மாட்ட ஒரு பத்திரமும் வருஷக் கூட்டத்துக்கு ஓர் அழைப்பும் போதும் என்றால் வாங்குங்கள். சீசன் டிக்கெட் வரிசையில் பங்குதாரருக்கு முன்னுரிமை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: மனைவியின் தோள்பையை ஸ்டேடியம் வாசலில் தடுத்துவிட்டார்கள். காருக்குத் திரும்ப ஒரு மைல். புளியோதரையும் உள்ளே இருந்தது.
— வாசகர், சார்லட்

பதில்: 2013 முதல் உள்ள விதி. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை, 12க்கு 6க்கு 12 அங்குலம், அல்லது ஒரு காலன் ஜிப்லாக். புளியோதரையை டெயில்கேட்டிலேயே, அதாவது ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் விருந்திலேயே, சாப்பிட்டிருக்க வேண்டும்.

கேள்வி: ஆபீஸ் நண்பர் தன் பி.எஸ்.எல்.ஐ 6,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். இரண்டு நாற்காலி. நிலம் மாதிரி, விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: இந்தக் கேள்விக்காக மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன். மற்றவர்கள் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

பி.எஸ்.எல். என்பது பெர்சனல் சீட் லைசென்ஸ். அது டிக்கெட் இல்லை, டிக்கெட் வாங்கும் உரிமை. ஒரு தியேட்டர்காரர் உங்களிடம், 'ஜே வரிசை 14ஆம் நாற்காலி உங்களுக்குத்தான், முதலில் அதற்கு மூவாயிரம் கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக டிக்கெட் எடுங்கள். தீபாவளிப் படத்துக்கு மட்டும் எடுக்க முடியாது, ஆளில்லாமல் ஓடும் படத்துக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு வருஷம் எடுக்காவிட்டால் அந்த மூவாயிரம் போச்சு' என்றால் என்ன செய்வீர்கள்? சிரித்துவிட்டு வெளியே வருவீர்கள். அதையே உங்கள் அணிக் கொடியைப் போர்த்திக்கொண்டு சொன்னால் பேனாவை எடுக்கிறீர்கள்.

ஆளில்லாத படம் என்று எதைச் சொல்கிறேன்? பிரீசீசன் ஆட்டங்களை, அதாவது சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டங்களைத்தான். சீசனில் 17 ஆட்டம், சொந்த ஊரில் எட்டோ ஒன்பதோ. அதோடு ஆகஸ்டில் ஒன்றோ இரண்டோ பிரீசீசன் ஆட்டத்தையும் சேர்த்துப் பத்தாக்கி உங்கள் தலையில் கட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் உங்கள் குவார்ட்டர்பேக், பந்தை வீசும் முக்கிய ஆட்டக்காரர், தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

1990களில் கரோலைனா பேந்தர்ஸ் அணி இந்த வழியில் பணம் திரட்டித்தான் சார்லட்டில் ஸ்டேடியம் கட்டியது. மற்ற முதலாளிகள் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். பஃபலோவில் 2026க்கு என்று கட்டும் ஸ்டேடியம் வரைக்கும் அதே வழிதான். செயின்ட் லூயிஸ்காரர்கள் கதை இன்னும் மோசம். 1995இல் ராம்ஸ் அங்கே வந்தபோது ஆசையாக லைசென்ஸ் வாங்கினார்கள். 2016இல் அணி மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் திரும்பிவிட்டது. நாற்காலி அங்கேயேதான் இருந்தது, எதிரே ஆட்டம்தான் இல்லை. கொஞ்சமாவது பணம் திரும்ப அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

நானும் ஒரு காலத்தில் நண்பரோடு சேர்ந்து இப்படி இரண்டு நாற்காலி வாங்கினேன். எந்த ஊர், எந்த ஸ்டேடியம் என்று கேட்காதீர்கள். விற்கும்போது போட்டதில் மூன்றில் ஒரு பங்கு தேறியது. நண்பரோடு பேச்சு திரும்ப ஆறு மாதம் ஆனது. மாடிப்படி ஓரம், மழை நேராக முழங்காலில் அடிக்கும். அந்த நாற்காலியின் நம்பர் இன்னும் எனக்குத் தூக்கத்தில் வரும்.

உங்கள் நண்பரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வருஷ டிக்கெட் பணம் கட்டியாயிற்றா? பெயர் மாற்ற அணி எவ்வளவு கட்டணம் வாங்குகிறது? விலை ஏறும் என்றால் நீங்கள் ஏன் விற்கிறீர்கள்? மூன்றாவதற்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து வந்த அப்பாவுக்கு ஆட்டம் காட்ட டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைக்கு விமான டிக்கெட் போட்டேன், ரீஃபண்ட் கிடையாது. ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். யாரைப் பிடிப்பது?
— வாசகர், ஆஸ்டின்

பதில்: யாரையும் பிடிக்க முடியாது. அட்டவணையில் தேதி முடிவாகவில்லை என்று போட்டிருந்த ஆட்டம் அது. டிசம்பரில் டி.வி.க்காரர்கள் வசதிக்கு ஆட்டம் நகரும், ஞாயிறு இரவுக்கு மாற்றுவதென்றால் கடைசி வாரங்களில் ஆறு நாள் முன்னால் சொன்னால் போதும். அப்பாவை அக்டோபரில் கூட்டிப் போங்கள். குளிரும் குறைவு.

கேள்வி: வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவரிடம் எங்கள் ஊர் சீஹாக்ஸ் அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் இரண்டு, 640 டாலர். நேரடியாக வங்கியிலிருந்து அனுப்பினேன். டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினார். வாசலில் ஸ்கேன் ஆகவில்லை. வெளியே நின்றுகொண்டு கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்டேன். நான் மாணவன், சார். பார்ட் டைம் வேலைக் காசு.
— சியாட்டில்

பதில்: தம்பி, இதைப் படித்துவிட்டு எனக்கே அன்று சாப்பாடு இறங்கவில்லை. வங்கியில் இன்றே மோசடிப் புகார் கொடுங்கள். நீங்களே அனுப்பிய பணம் என்பதால் திரும்புவது கஷ்டம், ஆனாலும் கொடுங்கள். போலீஸிலும், நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். அந்த வாட்ஸ்ஆப் எண்ணைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லுங்கள், வெட்கப்படாமல்.

இப்போது டிக்கெட்டின் பார்கோடு போனில் மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. விற்பவர் ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொடுத்து, உங்கள் போனில் டிக்கெட் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது டிக்கெட். மறுவிற்பனைத் தளங்களில் கட்டணம் அதிகம்தான். ஆனால் 2025 மே 12 முதல் எல்லாக் கட்டணமும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஏமாந்தால் கேட்கவும் அங்கே ஓர் ஆள் உண்டு.

பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். 2015 அரிசோனா சூப்பர் பௌலில், கையில் இல்லாத டிக்கெட்டை முன்கூட்டியே விற்ற தரகர்கள், விலை எகிறியதும் கைவிரித்துவிட்டார்கள். விமானம் ஏறி வந்தவர்கள் உங்களைப் போலவே வெளியே நின்றார்கள்.

கேள்வி: பிட்ஸ்பர்க் பாலாஜி கோயிலுக்குப் போகிறோம். மகன் 'டெரிபிள் டவல்' என்று ஒரு மஞ்சள் துண்டு வாங்கிவரச் சொல்கிறான். ஒரு துண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலரா?
— வாசகி, கொலம்பஸ்

பதில்: தயங்காமல் வாங்குங்கள். பிட்ஸ்பர்க்கின் ஸ்டீலர்ஸ் அணி ரசிகர்கள் ஆட்டத்தில் சுழற்றும் துண்டு அது. 1975இல் அணியின் ரேடியோ வர்ணனையாளர் மைரன் கோப் தொடங்கிவைத்தது. 1996இல் அதன் உரிமையை அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் அலிகெனி வேலி பள்ளிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். துண்டில் வரும் பணம் அங்கேதான் போகிறது. பள்ளியின் பெயர் போட்ட லேபிள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இதற்கும் போலி உண்டு.

நானும் கோயிலுக்குப் போனபோது ஒன்று வாங்கினேன், ஜெட்ஸ் ரசிகனாக இருந்தும். தனியாகத் துவையுங்கள். என் கல்யாண வேட்டி இப்போது மஞ்சளாக இருக்கிறது.