கரண்ட் வைத்து மாட்டை நிறுத்தலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் எட்டுக் கறவை மாடுகள் உள்ளன. அதில் ஒன்று, குளம்பு வெட்டுவதற்காகக் கூண்டுக்குள் விட்டாலே உதைக்கிறது. போன முறை கழுவி விட்டிருந்த சிமென்ட் தரையில் சறுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது. இப்போது ஒரு விற்பனையாளர் மின்கருவி ஒன்றைக் காட்டுகிறார். ஒரு முனையை உதட்டில் மாட்டி, இன்னொன்றை ஆசனவாயில் செருகி சுவிட்சைப் போட்டால் மாடு அசையாமல் நிற்குமாம். மயக்க ஊசி வேண்டாம், கன்றுக்குக் கொம்பு சுடவும் இதுவே போதும் என்கிறார். அந்த மாடு இப்போது ஏழு மாதச் சினை. எந்த அளவில் கரண்ட் வைத்தால் பயமில்லை?

பதில்: அளவு சொல்ல மாட்டேன். அதை வாங்காதீர்கள். சினை மாடு என்பதற்காகச் சொல்லவில்லை, காளையாக இருந்தாலும் இதுதான் பதில்.

அந்தக் கருவி விட்டு விட்டுப் பாய்ச்சும் மின்சாரம் உடம்புத் தசைகளை எல்லாம் ஒரே நேரத்தில் இறுக்கிவிடுகிறது. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது உடம்பு முழுக்கப் பிடித்த மாதிரி. மாட்டுக்கு நினைவும் இருக்கும், வலியும் தெரியும்; நகரத்தான் முடியாது. மூச்சு விடவும் தசை வேண்டுமே, அதுவும் சிரமப்படும். 1980களில் இதை 'மின் மயக்கம்' என்ற பெயரில் விற்றார்கள். கன்று, ஆடு, பன்றிகளின் மூளை மின்னலைகளை அளந்து பார்த்தபோது மயக்கம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. இயந்திரத்தில் பிடிப்பது ஒரு வழி, கரண்ட் இன்னொரு வழி என்று இரண்டையும் அனுபவித்த செம்மறிகளைத் தேர்ந்தெடுக்க விட்டபோது, அவை கரண்ட் பக்கத்தைத்தான் தவிர்த்தன. பிரிட்டனில் பண்ணை விலங்கை அசையாமல் நிறுத்த மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி தடை.

"மாடு கத்தவே இல்லை பாருங்கள்" என்பார் விற்பவர். கத்துவதற்கும் தசைதான் வேண்டும். செலவு மிச்சம் என்று சொல்கிற அவர், அடுத்த முறை அதே மாட்டைக் கூண்டுப் பக்கம் இழுத்துவர எத்தனை ஆள் வேண்டும் என்று சொல்ல மாட்டார். மாடு பட்ட இடத்தை மறக்காது.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருவோம். அந்த மாடு ஏன் உதைக்கிறது? பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தரை கழுவி விடப்பட்டிருந்தது, மாடு சறுக்கி விழுந்தது. முரட்டு மாடு என்று என்னிடம் சொல்லப்படுகிற மாடுகளில் பாதிக்குமேல் முரடே இல்லை, காலடி பிடிக்காமல் பயந்தவை. குளம்பு ஒரு தடவை வழுக்கினால் போதும், மாடு உடம்பை இறுக்கும், பின்வாங்கும், உதைக்கும். ஆள் அதட்டுவார், இன்னும் வழுக்கும். இதைக் கயிற்றாலோ ஊசியாலோ சரிசெய்ய முடியாது. அதனால் குளம்பு வெட்டுபவரைக் கூப்பிடும் முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். கூண்டுக்குள்ளும், அதற்குப் போகும் வழியிலும், வெளியே வரும் இடத்திலும் மூன்று நான்கு அங்குல இடைவெளியில் அரை அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டச் சொல்லுங்கள். விளிம்பு கூராக இருந்தால் குளம்பை அறுக்கும், தேய்த்து விடுங்கள். அதுவரைக்கும் கெட்டியான ரப்பர் பாய் போதும், ஆனால் நகராதபடி ஆணியடித்தது. கோணிச்சாக்கு விரிக்காதீர்கள், அது காலோடு சுருண்டு வரும். மேலே மணல் தூவினால் நல்லதுதான். ஆனால் மணலை மட்டும் நம்பித் தரையை அப்படியே விட்டால், முதல் மழையிலேயே பழைய கதை.

தரை சரியான பிறகு ஒரு வாரம் அந்த மாட்டைக் கூண்டு வழியாகச் சும்மா நடத்துங்கள். தீவனம் வையுங்கள், கழுத்தைப் பிடிக்கும் தலைப்பூட்டை மூடாதீர்கள், யாரும் கத்த வேண்டாம். தொங்கும் சங்கிலி, கம்பியில் மாட்டிய சட்டை, எதிரே கண்ணைக் கூசும் வெளிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மாட்டின் பார்வை பக்கவாட்டில் நன்றாக விரியும், சின்ன அசைவையும் பிடித்துவிடும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே போய் நின்றுகொண்டு முதுகில் தட்டினால் உதை வாங்குவது நியாயம்தான்.

ஏழு மாதம் என்றால் பால் வற்றவைக்கும் காலம். குளம்பு வெட்ட ஏற்ற நேரம்தான், ஆனால் நின்றபடியே. கயிறு போட்டுச் சாய்க்க வேண்டாம். நொண்டவில்லை, தரையும் தயாராகவில்லை என்றால் கன்று போடும்வரை தள்ளிப்போடலாம். யாராவது சைலசின் என்ற மயக்க ஊசி போடலாம் என்றால், சினையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது கருப்பையைச் சுருங்க வைக்கும், இந்த மாதத்தில் தவிர்ப்பதே நல்லது.

கன்றுகளுக்குக் கொம்பு சுடுவதை இரண்டு மாத வயதுக்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல் சில வாரங்களில் என்றால் இன்னும் எளிது. மருத்துவரை வைத்து, அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஊசியும், அதோடு வலிநீக்கி மருந்தும் போடச் சொல்லுங்கள். ஊசி போட்ட கையோடு சூட்டுக்கோலை எடுக்காதீர்கள். கொம்பு மொட்டைச் சுற்றி ஊசிமுனையால் தொட்டுப் பாருங்கள். கன்று தலையை இழுத்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.