கேள்வி–பதில்: சுவரெல்லாம் ஓவியம்

சென்னையில் படிக்கும் என் மகள் ஓர் 'இம்மர்சிவ்' கண்காட்சிக்கு என்னை அழைத்துச் சென்றாள். இருட்டு மண்டபத்தின் நான்கு சுவர்களிலும் தரையிலும் வான்கோவின் நட்சத்திர இரவு சுழன்றது, இசையும் முழங்கியது. பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தது ஓவியமா, சினிமாவா என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. இதையெல்லாம் கலை என்று சொல்லலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

நீங்கள் பார்த்தது ஓவியத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு காட்சி, ஓவியம் அன்று. வான்கோ 1889-இல் வரைந்த அந்தப் படம் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் உயரமும் 92 சென்டிமீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வண்ணம் தடிமனாக அப்பப்பட்டிருப்பதால், தூரிகை சென்ற தடம் ஒவ்வொன்றும் வரப்புப் போல எழும்பி நிற்கும். புரொஜெக்டர் வீசும் ஒளிக்குத் தடிமன் கிடையாது. நம் தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு எனப்படும் சுண்ணப்பொடிப் பசையை வைத்து மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள் அல்லவா? தலையைச் சற்று அசைத்தால் அந்த ரேக்கின் மினுக்கம் இடம் மாறும். அதே படத்தைச் சுவரில் இருபது அடிக்குப் பெரிதாக்கிக் காட்டினால் தங்கம் வெறும் மஞ்சளாகிவிடும். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இந்த இழப்புதான் என்று நினைக்கிறேன்.

அதற்காக ஒளியால் ஆன கலை அனைத்தையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒளிக்காகவும் திரைக்காகவுமே ஆக்கப்படும் படைப்புகள் வேறு வகையைச் சேர்ந்தவை. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக், 1963-இல் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் படத்தைக் குலைத்தும் திரித்தும் காட்சிக்கு வைத்தார்; வீடியோ கலையின் வரலாற்றைப் பலரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். நம் நாட்டின் நளினி மலானி, 2012-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில், உட்புறம் ஓவியம் தீட்டிய ஒளிபுகும் உருளைகளைத் தொங்கவிட்டுச் சுழலச் செய்தார். வீடியோ ஒளி அவற்றை ஊடுருவிச் செல்ல, ஓவியங்களின் நிழல்களும் வீடியோவும் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. இதற்கு மூலம் என்று வேறொரு படம் எங்கும் இல்லை. அந்த அறையே மூலம். டோக்கியோவின் டீம்லேப் என்ற கலைக் குழு அமைக்கும் கூடங்களிலோ, பதிவுசெய்த படம் திரும்பத் திரும்ப ஓடுவதில்லை. சுவரில் பூப்பதையும் உதிர்வதையும் கணினி அந்தந்த நொடியில் வரைகிறது. பார்ப்பவர் நெருங்கினால் காட்சி மாறுகிறது.

ஆகவே அடுத்த முறை நுழைவுச்சீட்டு வாங்கும் முன், இது எவருடைய ஓவியத்தையோ பெரிதாக்கிக் காட்டுவதா, இந்த அறைக்கென்றே உருவானதா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். முதல் வகையென்றால் அரை மணி நேரக் கேளிக்கையாக அனுபவித்துவிட்டு வரலாம். அதில் தவறொன்றுமில்லை, கட்டணம்தான் சற்று உறுத்தும். இரண்டாம் வகையென்றால் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு சுற்று முழுவதும் ஓடி முடியும் வரை ஓரிடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

என் தந்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவ்வப்போது தலைசுற்றல் வரும். இப்படிப்பட்ட கண்காட்சிக்கு அவரை அழைத்துச் செல்லலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அழைத்துச் செல்லுங்கள். தரையும் சுவரும் நகர்வதாகக் கண் சொல்லும்போது, உடல் அசையவில்லை என்று உட்காது சொல்கிறது. இந்த முரண்தான் தலைசுற்றலைத் தூண்டுகிறது. நடுவில் நிற்கவிடாமல், சுவரோரம் முதுகைச் சாய்த்து உட்காரவையுங்கள். கிறுகிறுப்பு வந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உடனே வெளியே அழைத்து வந்துவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர் உடன் வருவதானால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறிமாறி வேகமாக மின்னியதைப் பார்த்து, 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மின்னொளிக் காட்சி உண்டா என்று வாசலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை இந்த முறையில் காட்டினால் என்ன?
– ஒரு கல்லூரி மாணவர், திருவையாறு

காட்டலாம்; காட்டவும் வேண்டும். முதல் பதிலில் நகலைக் குறை சொல்லிவிட்டு இங்கே ஆதரிப்பதற்குக் காரணம் உண்டு. கருவறையைச் சுற்றிய குறுகலான உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பாதுகாப்புக் கருதி அது தேவையானதே. எனவே தஞ்சையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் சுந்தரர் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குச் செல்லும் காட்சியைப் படங்களில்தான் பார்த்திருக்கிறார்கள். மூலத்தை நெருங்கவே வழியில்லாத இடத்தில் நல்ல நகலுக்கு வேலை இருக்கிறது.

ஆனால் பெரிதாக்குவது கூடாது. அந்தச் சுற்றில் பின்னால் நகர்ந்து நின்று முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்க்க இடமில்லை. அண்ணாந்தும் நடந்தும்தான் பார்த்தாக வேண்டும். ஆகவே அதே அகலத்தில் ஒரு நடை அமைத்து, அதே உயரத்தில், அதே அளவில், உதிர்ந்த இடங்களை உதிர்ந்தபடியே விட்டு ஒளியிட வேண்டும். ஆடல் மகளிரைக் கணினியால் ஆடவைப்பதும், முப்புரம் எரிக்கும் சிவனான திரிபுராந்தகரின் வில்லிலிருந்து அம்பு பறப்பதும் வேண்டாம். பின்னணி இசையும் வேண்டாம் என்பேன்.