ஒரு நாளைக்கு எத்தனை முறை காய்ச்சல் பார்ப்பது?

கேள்வி (கொரோனா காலத்தில் வந்த கடிதம்): மேடம், எனக்கு 19 வயது, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வகுப்பெல்லாம் கைப்பேசியில்தான். கூடப் படிக்கும் ஒருத்தியின் அப்பா கொரோனாவில் இறந்துபோனார். அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு வந்தால்கூடப் பரவாயில்லை, என்னால் பாட்டிக்கு வந்துவிடுமோ என்றுதான். பாட்டிக்கு 76. வீட்டில் எல்லோரும் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுக்கொண்டோம். இருந்தும் பாட்டியின் அறைக்குள் நான் போய் மாதக்கணக்காகிறது. வாசலில் நின்றுதான் பேசுகிறேன். கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது. காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். காலையில் 97.4 இருப்பது சாயங்காலம் 98.8 ஆகிவிடுகிறது. திடீரென்று நெஞ்சு அடைக்கும், விரல் மரத்துப்போகும், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98 காட்டும். ஐந்து நிமிடம் நிம்மதி, அப்புறம் பழையபடி. ஒரு பக்கம் படித்தால் ஒரு வரி நிற்பதில்லை. இணையத்தில் கொரோனா பயத்துக்கென்று ஒரு சோதனை இருந்தது, 35-க்கு 29 வந்தது. இப்போது தேர்வை நேரில் வந்து எழுதச் சொல்கிறார்கள். மூன்று வாரம்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாமா? தப்பாக நினைக்காதீர்கள், சில நாள் காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்றிருக்கிறது.

பதில்: அன்பு மகளுக்கு,

உன் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தப்பாக நினைக்கவில்லை. மாதக்கணக்கில் இப்படிக் காவல் காத்துக் களைத்துப்போன மனதுக்கு அந்த எண்ணம் வருவதுண்டு. ஆனால் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற விஷயமும் இல்லை. இன்றைக்கே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தை அப்படியே கையில் கொடு. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல், நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதல் முறை வீடியோவில். எண்ணம் அதோடு நிற்காமல் எப்படி, எப்போது என்று யோசிக்கத் தொடங்கினால், அந்த நிமிடமே யாரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்கார வை. நடுராத்திரி என்றாலும் சரி. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், இல்லை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இனி பயத்துக்கு வருவோம்.

“பயப்படாதே, ஒன்றும் ஆகாது” என்று நான் எழுதப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11-இல். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். உன் பயம் காரணமில்லாமல் வரவில்லை, ஒரு மரணத்திலிருந்து வந்தது. (அந்தத் தோழியோடு பிறகு பேசினாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கேட்டுவைக்கிறேன்.) பாட்டியை நினைத்துக் கவலைப்படுவதும் நல்ல மனசு. எனக்கு அதில் குறை இல்லை. அந்தப் பயத்துக்கு நீ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, அதில்தான் குறை. அது கேட்கும்போதெல்லாம் தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர், சோப்பு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாய்.

உன் நோட்டையே பார். காலையில் 97.4, சாயங்காலம் 98.8. ஏதோ ஏறிக்கொண்டு வருகிறது என்று பதறியிருப்பாய். உடம்பின் சூடு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் குறைந்து, மாலையில் கூடும். ஒன்று, ஒன்றரை டிகிரி வித்தியாசம் யாருக்கும் சகஜம். பெண்களுக்கு மாதச் சுழற்சியின் பின்பாதியில் இன்னும் கொஞ்சம் கூடும். மாடிப்படி ஏறிவிட்டு வந்து பார்த்தாலும் கூடும். மருத்துவர்கள் காய்ச்சல் என்று பொதுவாக எடுத்துக்கொள்வது 100.4-க்கு மேல். நீ இத்தனை நாள் எழுதி வைத்திருப்பது ஆரோக்கியமான ஓர் உடம்பின் கணக்கு.

அந்த நெஞ்சடைப்பும் அப்படித்தான். பயத்தில் நமக்குத் தெரியாமலே வேக வேகமாக மூச்சு வாங்குவோம். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அதனால்தான் விரல் மரக்கிறது, தலை லேசாகச் சுற்றுகிறது, மூச்சு போதவில்லை என்று தோன்றுகிறது. ஆக்சிமீட்டர் 98 காட்டும்போது உன் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை. நீ அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாய், அவ்வளவுதான். அடுத்த முறை வந்தால் கருவியைத் தேடாதே. உட்கார்ந்து, மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடு. இந்த மாதிரிப் பதற்றம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். (குளிர்ந்த விரல், நகப்பூச்சு இரண்டுமே ஆக்சிமீட்டரைத் தப்பாகக் காட்ட வைக்கும். ஒரு நாள் 93 காட்டி உன்னை உயிரோடு கொன்றுவிடும்.)

98 பார்த்ததும் வருகிற ஐந்து நிமிட நிம்மதி இருக்கிறதே, எல்லாம் கெடுவது அங்கேதான். அரிப்பைச் சொறிவது போலத்தான் அது: சொறியும்போது சுகம், விட்டால் முன்னைவிட எரிச்சல். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் “பார்த்ததால்தான் தப்பித்தேன்” என்று மனம் எழுதிக்கொள்கிறது. பார்க்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அது தெரிந்துகொள்ள நீ வழியே விடவில்லை.

கை கழுவுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் பழைய செய்தி ஒன்று பலரையும் இன்னும் விட்டபாடில்லை. 2020 தொடக்கத்தில் ஓர் ஆய்வு வந்தது. இந்த வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம்வரை இருக்கும், அட்டையில் 24 மணி நேரம்வரை இருக்கும் என்றது. உலகமே பையைத் துடைத்தது, பாலிதீனைக் கழுவியது, செய்தித்தாளை வெயிலில் போட்டது. அது ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே நிறைய வைரஸைத் தெளித்துப் பார்த்த கணக்கு. அங்கேயே மணிக்கு மணி அளவு குறைந்துகொண்டே போனதும் அதே ஆய்வில் இருந்தது, அதை யாரும் பகிரவில்லை. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட ஒரு பரப்பை ஒரு முறை தொடுவதால் தொற்று வருவதற்கான வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. இது முக்கியமாகப் பரவுவது நாம் பகிர்ந்துகொள்ளும் காற்றில். ஆக, திறந்த ஜன்னலும் ஒழுங்காகப் போட்ட முகக்கவசமும் உனக்குச் செய்கிற உதவியில் கால்வாசிகூட இருபதாவது தடவை கை கழுவுவது செய்யாது. சோப்பு போட்டால் 40 முதல் 60 வினாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெளியே போய் வந்ததும், சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் போய் வந்த பின், தும்மி இருமிய பின். அவ்வளவு போதும். தோல் வெடித்த கை சுத்தமான கை இல்லை, அந்த வெடிப்பு கிருமிக்கு வழி. ஒரு களிம்பு வாங்கித் தடவு.

முன்னெச்சரிக்கைக்கும் பயத்துக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றே ஒன்று. முன்னெச்சரிக்கைக்கு முடிவு உண்டு. முகக்கவசம் போட்டாயிற்று, ஜன்னலைத் திறந்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, முடிந்தது. பயத்துக்கு முடிவில்லை. அது நூற்றுக்கு நூறு உறுதி கேட்கும். அப்படி ஓர் உறுதி பெருந்தொற்று இல்லாத காலத்திலும் யாருக்கும் கிடைத்ததில்லை. அதனால் மனம் தெளிவாக இருக்கிற ஒரு பகல் நேரத்தில், அம்மாவோடு உட்கார்ந்து ஐந்தாறு விதிகளை எழுது. சுகாதாரத் துறை சொல்வது எதுவோ அது மட்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் பயம் வந்து ஏழாவது விதி சேர்க்கச் சொல்லும். சேர்க்காதே. காய்ச்சல் பார்ப்பது உடம்பு சுட்டால், இருமல் வந்தால் மட்டும். இரண்டு கருவிகளையும் இன்றே அம்மா தன் அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும்.

இது நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. 1966-இல் விக்டர் மெயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பயப்படுகிற பொருளைத் தொட வைத்து, தொட்ட பின் கழுவவிடாமல் செவிலியர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். பல வருடம் எதற்கும் மசியாத பழக்கம் நன்றாகக் குறைந்தது. அதை வளர்த்தெடுத்த சிகிச்சைதான் இன்றும் ஓசிடிக்கு (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய்) முதல் வரிசையில் தரப்படுகிறது. உனக்கு ஓசிடி என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், அது மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. கழுவுவதும் சரிபார்ப்பதும் எல்லாம் சேர்த்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால் அதை அவரிடம் மறக்காமல் சொல். அந்த 35-க்கு 29 வேண்டாம். அந்தச் சோதனையில் ஏழு கேள்விகள், ஆராய்ச்சிக்காக 2020-இல் தயாரித்தவை. பயம் நிறைய இருக்கிறது என்று காட்டும். அது சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா என்ன?

உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மகள் நாளைக்குப் பத்து முறை “எனக்கு வந்திருக்குமோ?” என்று கேட்பாள், நீங்களும் “வராதுடி, போய்ப் படி” என்பீர்கள். உங்கள் பதிலும் அந்த ஆக்சிமீட்டர் மாதிரிதான், ஐந்து நிமிடம் தாங்கும். திட்டவும் வேண்டாம், பதிலும் வேண்டாம். “இது பயம் கேட்கிற கேள்வி, நான் பதில் சொல்லப் போவதில்லை, வா, பக்கத்தில் உட்கார்” என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் அழுவாள், கோபித்துக்கொள்வாள். இருவரும் பேசி வைத்துக்கொண்டே இதைத் தொடங்குங்கள், திடீரென்று செய்தால் கைவிட்ட மாதிரி இருக்கும்.

தேர்வை எழுது. இது என் தெளிவான கருத்து. விட்டால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், அடுத்த தேர்வுக்குள் கல்லூரி வாசல் இதைவிடப் பெரிய பயமாகி நிற்கும். மூன்று வாரம் இருக்கிறதே, படிப்படியாகப் போகலாம். முதலில் முகக்கவசத்தோடு தெருமுனைவரை நட. திரும்பி வந்ததும் ஒரு முறை கை கழுவு. குளிக்காதே, கைப்பேசியைத் துடைக்காதே. படபடப்பு வரும், வரட்டும். அதோடு அப்படியே உட்கார். இரண்டு மூன்று நாளில் அது பழகியதும் இன்னும் கொஞ்ச தூரம். பிறகு பேருந்தில் ஜன்னலோரம் நான்கைந்து நிறுத்தம். தேர்வுக்கு முந்தைய வாரம் கல்லூரிவரை போய், கட்டடத்தைப் பார்த்துவிட்டு வா. இன்னும் நீ உள்ளே போய்ப் பார்க்காத கல்லூரி அது. அந்தத் தோழியும் வருகிறாளா என்று கேள்.

பாட்டியின் அறைக்குள் போவதையும் இந்தப் பட்டியலில் சேர். அவர் தடுப்பூசி போட்டவர், உனக்கு அறிகுறி ஒன்றும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசத்தோடு முதல் நாள் பத்து நிமிடம் உட்கார். அதற்கு முன் அவரிடம் ஒன்று கேள்: “நான் உள்ளே வரட்டுமா?” இந்த வீட்டில் அவருக்காக எல்லோரும் பயப்படுகிறார்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. 76 வயதில் மாதக்கணக்காகப் பேத்தியை வாசலில் பார்ப்பதும் ஒரு பாதிப்புத்தான். எந்தக் கருவியும் அதை அளந்து காட்டாது.

செய்திகளை நாளைக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை, நேரம் குறித்துப் பார். 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் சொன்ன யோசனை இது. தூங்கும் முன் வேண்டவே வேண்டாம். படிப்பு தலையில் ஏறாததற்கு நீ மந்தமாகிவிட்டாய் என்று அர்த்தமில்லை. ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய விஷயங்களுக்கு அளவு உண்டு, பாதி இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால் மீதியில்தான் பாடம். அதனால் படுக்கையை விட்டு எழுந்து, மேஜையில், இருபது இருபத்தைந்து நிமிடமாக வெட்டிப் படி. கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே வகுப்பு கேட்பதை நிறுத்து. 1665-இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடியபோது நியூட்டன் வீட்டில் இருந்து என்னென்ன சாதித்தார் என்று யாராவது அனுப்பினால் அழித்துவிடு. 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளி கல்லூரிகள் மூடிக் கிடந்தன. நீ அவர்களில் ஒருத்தி. தேறினால் போதும் இந்த முறை.

தேர்வு நாள் காலையில் உண்மையிலேயே காய்ச்சல் 100.4-க்கு மேல் போனால், இருமல் இருந்தால் போகாதே. பரிசோதனை செய்துகொள், பாட்டியிடமிருந்து அப்போது விலகி இரு. அப்படி வர முடியாமல் போகிறவர்களுக்கு மறுதேர்வு உண்டா, யாரிடம், எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை இந்த வாரமே கல்லூரியில் ஃபோன் செய்து கேட்டு வைத்துக்கொள். அம்மாவை விட்டுக் கேட்காதே, நீயே கேள்.