மின்சாரம் நின்றால் வால்வு எந்தப் பக்கம் போகும்?

வாசகர் கேள்வி – பதில்

நீராவி, கொதிகலன், வால்வு ஆகியவை பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் எழுதிய நான்கு கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகன் வளைகுடா நாடொன்றில் மின்னிலைய வேலைக்குத் தெரிவாகியிருக்கிறான். வேலை ‘வால்வு அக்சுவேற்றர்’ பராமரிப்பு என்கிறான். கையால் சுற்றித் திறக்கும் வால்வுக்கு இவ்வளவு பெரிய பொறி எதற்கு? அதிலும் காற்று, மின்சாரம், எண்ணெய் என மூன்று வகை ஏன்?
– உப்புவெளி வாசகர்

பதில்: வால்வின் தண்டைத் தள்ளியும் இழுத்தும் அல்லது திருப்பியும் இயக்கும் பொறிதான் அக்சுவேற்றர். 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வால்வு அடைப்பானை 100 பார் (வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு) அமுக்கமுள்ள நீராவி தள்ளும்போது, அந்த விசை ஏறத்தாழ 2 தொன் நிறைக்குச் சமமாகிறது. கைச்சக்கரத்தாலும் அதை அசைக்கலாம். ஆனால் கொதிகலனுக்குள் போகும் நீரையும் அதிலிருந்து வெளிவரும் நீராவியையும் ஒவ்வொரு செக்கனும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க எந்த மனிதக் கையாலும் முடியாது.

காற்றால் இயங்கும் வகையில், டயாபிரம் எனப்படும் வளையும் றப்பர்த் தகடு ஒன்றின் ஒரு பக்கத்தில் காற்றும் மறுபக்கத்தில் சுருள்வில்லும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. 500 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள டயாபிரத்தில் 1 பார் காற்று விழுந்தாலே அரைத் தொன் அளவு விசை கிடைத்துவிடும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து 4 முதல் 20 மில்லிஅம்பியர் வரையான மின்னோட்டமாகக் கட்டளை வருகிறது. தண்டு உண்மையில் நிற்கும் இடத்தை அதனோடு ஒப்பிட்டுக் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் பொசிஷனரின் வேலை. கணக்கைச் சுழியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகிவிடும், அதை ‘முழுதும் மூடு’ என்ற கட்டளையாக எவரும் மயங்கிவிடக் கூடாது.

மின்மோட்டர் வகை, புழுப்பல்லுச் சக்கரத்தின் வழியாகத் தண்டை மெதுவாக நகர்த்தும். எப்போதாவது திறந்து மூடும் பெரிய தடுப்பு வால்வுகளுக்கு அதுவே போதும். எண்ணெய் வகை, நீராவியால் சுழன்று மின்பிறப்பாக்கியை ஓட்டும் டர்பைனின் நீராவி வாசலுக்கு உரியது. மின்பிறப்பாக்கியின் சுமை திடீரென விலகினால் டர்பைன் சில செக்கன்களிலேயே கட்டுமீறிச் சுழலத் தொடங்கிவிடும் என்பதால், நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுவது ஏறத்தாழ 3300ஐத் தொடும்போது பாதுகாப்பு அமைப்பு எண்ணெயை ஒரேயடியாக வெளியே விட்டுவிடுகிறது. எண்ணெயின் அமுக்கத்தால் அதுவரை அடங்கியிருந்த சுருள்வில், ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் நீராவி வால்வை அடைத்துவிடும்.

கேள்வி: காற்றோ மின்சாரமோ நின்றால் எல்லா வால்வுகளும் மூடிக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் பாதுகாப்புத்தானே? சிலவற்றைத் திறந்தபடி நிற்கவிடுவது ஏன், அதை யார் தீர்மானிக்கிறார்கள்?
– தொழினுட்பக் கல்லூரி மாணவி, கிண்ணியா

பதில்: அக்சுவேற்றரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் வேகத்தையும் விசாரிப்பதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி இது. மின்னிலையத்தின் செய்முறையை வடிவமைக்கும் பொறியியலாளர்கள் ஒவ்வொரு வால்வையும் தனித்தனியே எடுத்து, ‘இது கைவிட்டால் எது உடையும்?’ என்று பார்த்தே அதைத் தீர்மானிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

மிகைவெப்ப நீராவியின் வெப்பநிலையைத் தணிக்க நீர் தெளிக்கும் வால்வு, காற்று நின்றால் மூட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நீராவியோடு சேர்ந்து டர்பைனின் சுழலும் தகடுகளில் மோதி அவற்றைச் சிதைத்துவிடும். கொதிகலனுக்கு நீர் ஊட்டும் பம்பியின் மீள்சுற்று வால்வோ திறக்க வேண்டும், ஏனெனில் நீர் வெளியேற வழியில்லாமல் ஓடும் பம்பி தன் உள்ளிருக்கும் நீரையே கொதிக்கவைத்துத் தன்னைக் கெடுத்துக்கொள்ளும். டர்பைன் குழாய்களில் தேங்கும் நீரை வடிக்கும் வால்வுகளும் பெரும்பாலும் திறக்கும் பக்கமே.

சிக்கல் மிகுந்தது ஊட்டுநீர் வால்வு. அது முழுதும் மூடினால் கொதிகலன் உருளை வற்றிக் குழாய்கள் எரிந்துபோகும். முழுதும் திறந்தால் உருளை நிரம்பி நீர் டர்பைன் பக்கம் போய்விடும். ஆகவே பல நிலையங்களில் அதை நின்ற இடத்திலேயே நிற்கவைக்கிறார்கள்: காற்றின் அமுக்கம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் பூட்டுவால்வு ஒன்று அக்சுவேற்றருக்குள் இருக்கும் காற்றை வெளியேறவிடாமல் அடைத்துவிடுகிறது. அந்தக் காற்றும் மெல்லக் கசியும் என்பதால், இது ஊழியர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் மட்டுமே.

பரீட்சைக்குப் பயன்படும் ஒரு குறிப்பு: சுருள்வில் தண்டைக் கீழே தள்ளுகிறது என்பதாலேயே வால்வு மூடும் என்று எழுதிவிடாதீர்கள். தண்டு இறங்கும்போது திறக்கும் வால்வுகளும் உண்டு. அக்சுவேற்றரையும் வால்வின் உள்ளமைப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

கேள்வி: சம்பூரில் நிலக்கரி மின்னிலையம் வந்திருந்தால் இந்த வேலைகள் எங்கள் பிள்ளைகளுக்கு இங்கேயே கிடைத்திருக்கும் அல்லவா? சூரிய மின்னிலையத்தில் இவற்றுக்கு இடமுண்டா?
– மூதூர் வாசகர்

பதில்: சம்பூர் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. சூரிய மின்தகடுகள் ஒளியை நேரடியாக மின்சாரமாக்குவதால் அங்கே நீராவியும் இல்லை, அதற்கான வால்வும் இல்லை. இந்தத் தொழிலை நாட்டுக்குள்ளேயே கற்க விரும்புவோருக்கு நுரைச்சோலை, கெரவலப்பிட்டி மின்னிலையங்கள் இருக்கின்றன. அரிசி ஆலைக் கொதிகலன் அறையும் மோசமான பள்ளிக்கூடம் அல்ல.

கேள்வி: நெல் புழுக்கும் ஆலையொன்றில் உமிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறேன். காற்றால் இயங்கும் நீராவி வால்வு ஓயாமல் ஏறி இறங்குகிறது. சில வேளை ‘மூடியது’ என்ற விளக்கு எரிந்தாலும் குழாய் சூடாகவே இருக்கிறது. எங்கே தொடங்கிப் பார்ப்பது?
– கந்தளாய் வாசகர்

பதில்: காற்றிலிருந்து தொடங்குங்கள். நமது ஈரக் காற்றை அமுக்கும் கொம்பிரசரின் தாங்கியில் நாள்தோறும் நீர் சேரும். அதை வடிக்காவிட்டால் அது வால்வுக்கு முன்னுள்ள வடிகட்டிக் கிண்ணத்துக்கும், அங்கிருந்து பொசிஷனரின் நுண்துளைக்கும் போய்ச் சேரும். கிண்ணத்தின் அடியில் பால்போல் வெளுத்த நீர் நின்றால் எண்ணெயும் கலந்திருக்கிறது என்று பொருள்.

காற்று சுத்தமாக இருந்தும் ஆட்டம் நிற்காவிட்டால், கட்டுப்படுத்தியைக் கைமுறைக்கு மாற்றிக் கட்டளையை ஒரே அளவில் நிறுத்துங்கள். அப்போதும் தண்டு ஆடினால் குற்றம் பொசிஷனரிலோ காற்றிலோதான். ஆட்டம் நின்றுவிட்டால் பலர் உடனே கட்டுப்படுத்தியின் அமைப்புகளை மாற்றத் தொடங்குகிறார்கள், அது அவசரம். கட்டளையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்டில் உள்ள குறிமுள்ளைக் கண்ணால் பாருங்கள். முதலில் அசையாமல் நின்று, பிறகு திடீரெனத் துள்ளினால், தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பான கிளாண்ட் பக்கிங் இறுகிப் பிடிக்கிறது. கசிவை நிறுத்துவதற்காக யாரோ நட்டுகளை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கக் கூடும். நீராவியை மறித்து, குழாயின் அமுக்கத்தை வெளியேற்றிய பின்னரே அதில் கை வையுங்கள்.

விளக்கைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. 1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின்னிலையத்தில் நிகழ்ந்ததும் இதுதான். கருவிகளுக்கான காற்றுக் குழாயில் நீர் புகுந்ததிலிருந்து ஊட்டுநீர் பம்பிகள் நின்றன என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அதனால் ஏறிய அமுக்கத்தை வெளிவிடத் திறந்த வால்வு மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் பலகையில் இருந்த விளக்கு, வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளான சொலினொயிட்டுக்கு மின் செல்கிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டியது; அது அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியேறியது, உலையின் கணிசமான பகுதி உருகியது.

ஆகவே உங்கள் விளக்கின் கம்பியைப் பின்தொடர்ந்து போய், அது கட்டளையிலிருந்து வருகிறதா, தண்டு எல்லையை அடைந்ததும் மாறும் லிமிட் சுவிச்சிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். கட்டளையிலிருந்து வந்தால், லிமிட் சுவிச் ஒன்றைப் பொருத்தும்படி முதலாளியிடம் கேளுங்கள். லிமிட் சுவிச்சிலிருந்தே வருகிறதென்றால் அதன் நெம்புகோலைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கலாம். கொதிகலன் ஓய்ந்திருக்கும் நாளில் ஒருவர் வால்வருகிலும் ஒருவர் பலகையிலுமாக நின்று, தண்டு முழுத்தூரம் போய்த் திரும்பும்போது விளக்கு மாறும் இடத்தைச் சரிபார்க்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் குழாய் ஆறவில்லையென்றால், அடைப்பான் வந்து அமரும் இருக்கையின் முகத்தை நீராவி அரித்திருக்கக் கூடும். அப்படியானால் வால்வைக் கழற்றி இருக்கையையும் அடைப்பானையும் தேய்த்துப் பொருத்த வேண்டியதுதான்.