முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சாவி

கேள்வி: அம்மா, நாங்கள் ஹூஸ்டன் பக்கம் குடியேறி 22 வருடம் ஆகிறது. குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறேன். வயது 52. என் பிரச்சினை, 19 வயதாகும் மூத்த மகன். சாப்பிட உட்கார்ந்தால் சண்டைதான். துப்பாக்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டு அரசியல் சாசனம் தந்த உரிமை, போலீஸுக்கு மரியாதை தர வேண்டும், ராணுவம் வலுவாக இருக்க வேண்டும், அரசாங்கம் நம் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது என் கட்சி. துப்பாக்கிகளைப் பிடுங்க வேண்டும், போலீஸ் பட்ஜெட்டை வெட்ட வேண்டும், ராணுவச் செலவு தண்டச் செலவு என்பது அவன் கட்சி. ஜனவரியில் காலேஜில் ஒரு செமஸ்டர் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டான். கட்டிய 14,000 டாலர் வீண். இப்போது கொஞ்ச நாளாக வாதம் செய்வதையும் விட்டுவிட்டான். எதைச் சொன்னாலும் "நீங்க சொல்றதே சரிப்பா" என்று தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். எனக்கு இது அவமரியாதையாகப் படுகிறது. நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று திருடர்கள் குறிவைப்பதால் 2020இல் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன் (நகையெல்லாம் பேங்க் லாக்கரில்தான்). குண்டு போட்டு, கட்டில் பக்கத்து டிராயரில் பூட்டி, சாவியை சாமி ரூமில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். அவ்வளவு நம்பிக்கையான குடும்பம். யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். "நியாயம் பிறகு. முதலில் அந்தத் துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள்" என்று. மறுநாள் பதில் போட்டீர்கள்: "பதறாதீர்கள் அம்மா, அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை." அந்தப் பதிலுக்காகத்தான் இந்த வாரம் மற்றவர்கள் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் உங்களுக்கே எடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட பையன் என்றால் எப்படிப்பட்ட பையன்? இந்தப் பகுதியை நான் நெடுங்காலமாக எழுதி வருகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எழுதிய கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் நிகழ்காலத்தில் எழுதினீர்கள், அவர்கள் இறந்த காலத்தில் எழுதினார்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படியுங்கள். படித்துக்கொண்டிருந்த பையன் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டான். எதற்கு வந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். 14,000 டாலர் போனதை எழுதினீர்கள். கொள்கைக்காகத் தகப்பனோடு மல்லுக்கு நின்றவன் திடீரென்று "நீங்க சொல்றதே சரிப்பா" என்கிறான். தனியாகச் சாப்பிடுகிறான். இதை நீங்கள் அவமரியாதை என்கிறீர்கள். சண்டை போடுகிற பிள்ளையிடம் எனக்குப் பயமில்லை. தனக்கு இனி எதிலும் பங்கில்லை என்பதுபோல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போகிற பிள்ளையைக் கண்டால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மகன் அடங்கிவிட்டான் என்று நீங்கள் எண்ணுகிற இடத்தில், மகன் ஓய்ந்துபோயிருக்கிறானோ என்று நான் பார்க்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாகவே இருக்கட்டும், பழனிக்கு நேர்ந்துகொள்கிறேன். ஆனால் அது தெரியும்வரை அந்த டிராயரில் அந்தச் சாமான் இருக்கக் கூடாது.

தங்கத்துக்கு பேங்க் லாக்கர், துப்பாக்கிக்கு முருகன் படமா? திருட வருகிறவனுக்காக வாங்கினீர்கள். அவன் வந்தால் எடுத்துப்போக வீட்டில் நகை இல்லை. ஆக, அந்த வீட்டில் இன்று இருக்கிற மிக ஆபத்தான பொருளும், மிக மனம் சோர்ந்த ஆளும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒரு சாமி படம்.

இது என் கற்பனை பயம் இல்லை. 2022இல் உங்கள் நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000 பேருக்கு மேல். அதில் கொலையானவர்களைவிடத் தன் கையால் உயிரை விட்டவர்களே அதிகம்: ஏறக்குறைய 27,000 பேர். நீங்களும் உங்கள் மகனும் மாதக்கணக்கில் துப்பாக்கியைப் பற்றி வாதாடியிருக்கிறீர்கள். உரிமை, திருடன், பள்ளிக்கூடத்தில் சுட்டவன், போலீஸ் என்று எல்லாம் வந்திருக்கும். இந்த 27,000 பேர் உங்கள் மேஜைக்கு ஒருநாளாவது வந்தார்களா? பையன் அந்தப் பேச்சைத் தானாக எடுத்திருக்க மாட்டான். நீங்களும் எடுத்திருக்க மாட்டீர்கள்.

டெல்டா பக்கத்து அம்மா ஒருத்தி பல வருடம் முன்பு எனக்கு எழுதினாள். பரீட்சையில் தவறிய மகன். பூச்சிமருந்து டப்பா மாட்டுக்கொட்டகைப் பரணில், "எப்பவும் இருக்கிற எடத்துலதாங்க இருந்துச்சு". அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் "வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும்" என்று படித்தபோது அவள் எழுத்துதான் கண்ணில் வந்தது. எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தின் பெயர் தெரியாத தமிழ்க் கிராமம் ஒரு காலத்தில் உண்டா? இலங்கையில் 1995 தொடங்கி கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் அங்கே தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மனிதர்களின் துக்கம் 70 சதவீதம் குறைந்துவிடவில்லை தம்பி. போரும் சுனாமியும் பார்த்த தீவு அது. துக்கம் முற்றிய அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அந்த டப்பா இல்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பிறகு கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, வாழ்ந்துவிடுகிறார்கள். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

இனி உங்கள் அரசாங்கத்துக்கு வருகிறேன். வீட்டுத் துப்பாக்கியை எந்நேரமும் பூட்டுப் போட்டோ பிரித்தோதான் வைக்க வேண்டும் என்று வாஷிங்டன் நகரத்தில் ஒரு விதி இருந்தது. உச்ச நீதிமன்றம் 2008இல் அதை ரத்து செய்தது. நீங்கள் மகனிடம் பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள். (அதே தீர்ப்பு, இந்த உரிமை எல்லையற்றது அல்ல என்றும் சொல்கிறது. அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.) உங்கள் டெக்சாஸிலோ, 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை அசட்டையாக வைத்து, அது அந்தப் பிள்ளை கைக்குப் போய்விட்டால் குற்றம். "மூத்த மகன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இளையது ஒன்று இருக்கிறது, அதன் வயதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மூத்தவனுக்கு 19. அவன் விஷயத்தில் சட்டம் ஒதுங்கிக்கொண்டுவிட்டது. தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று அஞ்சுகிற ஆளிடமிருந்து கோர்ட்டு உத்தரவு வாங்கித் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கச் சில மாநிலங்களில் சட்டம் உண்டு. பார்க்லேண்ட் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு 2018இல் புளோரிடாகூட அப்படி ஒன்று கொண்டுவந்தது, கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர். உங்கள் மாநிலத்தில் அது இல்லை.

ஆகவே நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அரசாங்கம் உங்கள் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்குள் வராதே என்று அரசாங்கத்தைத் தடுக்கிற தகப்பன், அரசாங்கத்தைவிட இரண்டு மடங்கு கண் விழித்திருக்க வேண்டாமா? எனக்குப் பழைய புத்தி. குடும்பத் தலைவன் என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டால் காவலும் கணக்கும் கூடவே வரும் என்று நம்புகிறவள் நான். உரிமை என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சாமியிடம் ஒப்படைப்பதை நான் நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். சோம்பல் என்பேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன் என்று இருக்க வேண்டாம். போலீஸ் விஷயத்தில் உங்கள் மகன் பக்கம்தான் எனக்குச் சாய்வு. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் ஊரில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த குஜராத்தித் தாத்தா ஒருவர் தெருவில் நடந்துபோனார். ஆங்கிலம் தெரியாது. போலீஸ்காரர் தரையில் மோதித் தள்ளியதில் உடம்பின் ஒரு பகுதி செயலிழந்துபோனது. இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, பிறகு நீதிபதியே அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். உங்கள் அப்பா அங்கே வந்தால் சாயங்காலம் நடக்கப் போவாரா, மாட்டாரா? 2016இல் மினசோட்டாவில் ஒரு கறுப்பின இளைஞர், பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்தவர், முறைப்படி உரிமம் வாங்கிய துப்பாக்கி தன்னிடம் இருப்பதாகக் காரை நிறுத்திய போலீஸிடம் மரியாதையாகச் சொன்னார். அந்தப் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார். உங்கள் துப்பாக்கி உரிமையும் உங்கள் போலீஸ் மரியாதையும் அந்தக் காரில் மோதிக்கொண்டன. இரண்டையும் ஒருசேரத் தூக்கிப் பிடிக்கிற நீங்கள் இதற்கு மகனிடம் என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் டெக்சாஸிலேயே, 2022 மே 24 அன்று உவால்டே பள்ளியில் வந்து சேர்ந்த போலீஸ் 376 பேர். கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் போக 77 நிமிடம். போனது 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். பட்ஜெட்டை வெட்டினால் இது சரியாகிவிடுமா என்று உங்கள் மகனையும் கேட்பேன், விடமாட்டேன்.

ராணுவச் செலவில் அவன் சொல்வதே சரி. பென்டகனுக்கு வருடத்துக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் போகிறது. 2018 முதல் முழுத் தணிக்கை நடக்கிறது. ஒருமுறைகூட அந்தத் துறை மொத்தமாகத் தேறவில்லை. 2012இல் ராணுவத் தலைமைத் தளபதி ஒடியர்னோவே இந்த டாங்கிகள் எங்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லியும், ஒஹாயோவில் தொழிற்சாலை ஓட வேண்டுமே என்று நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. மிஞ்சிப்போன கவச வண்டிகள் ஊர் போலீஸுக்குப் போகின்றன. அரசாங்கம் அத்துமீறுகிறது என்று கத்துகிற நீங்கள் இதற்கு முதலில் கத்தியிருக்க வேண்டும். 14,000 டாலருக்குப் பையனிடம் கணக்குப் பார்க்கிறவர் பென்டகனிடம் பார்க்க மாட்டாரா?

போதும் இது. இதையெல்லாம் அவன் 30 வயதிலும் உங்களோடு சண்டை போடட்டும்.

இன்று செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாவியை இடம் மாற்றுவதெல்லாம் வேலைக்காகாது; வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நீங்கள் எதை எங்கே ஒளிப்பீர்கள் என்று தெரியும். குண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, துப்பாக்கியை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோங்கள். நம்பிக்கையான நண்பர் வீட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். சில துப்பாக்கிக் கடைகளும் பயிற்சி மையங்களும் வைத்துக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள். யாரும் உங்கள் உரிமையைப் பறிக்கவில்லை. நீங்களே கொண்டுபோய் வைக்கிறீர்கள், மகன் தேறியதும் நீங்களே எடுத்துவரப் போகிறீர்கள்.

அப்புறம் மாடிக்குப் போங்கள். அந்தப் படிகளில் நீங்கள் ஏறி எத்தனை நாளாயிற்று? தட்டை எடுத்துக்கொண்டு போங்கள், தரையில் உட்காருங்கள், அரசியல் வேண்டாம், செமஸ்டர் பணம் வேண்டவே வேண்டாம். "ஏன்டா வந்துட்ட, அங்க என்ன ஆச்சு" என்று கேளுங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாடா?" வாயால் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. வராது. இருக்கிறவனுக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும், அவ்வளவே. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள், பெற்றோரும் பேசலாம். இல்லை என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கோவில் நண்பர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பீர்கள், தெரியும் எனக்கு. தெரியட்டும். (இங்கே இந்தியாவில் படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மனநல உதவி எண்: 14416.)

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாடி அறையில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, தட்டு எவ்வளவு சோற்றோடு திரும்பி வருகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டுவிட்டுப் படியேறுங்கள்.

அடுத்த மின்னஞ்சலில் "அப்படிப்பட்ட பையன் இல்லை" என்று எழுதினால் நான் படிக்க மாட்டேன். துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை பார்ப்பேன், வரவில்லையென்றால் மறுபடி நானே எழுதுவேன்.