அம்மாச்சி பேசுவதைப் பதிவுசெய்யும் முன்

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் அம்மாச்சிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவரும் அவர் கூட்டாளிகளும் சின்ன வயதிலிருந்து தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போனவர்கள். அங்கே எடுக்கக் கூடாது என்று வனத்துறை மறித்தபோது நேரில் போய்ப் பேசியிருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் இருக்கும்போதே எல்லாவற்றையும் பதிவுசெய்ய ஆசை. கையில் இருப்பது ஒரு செல்போன்தான். ஆனால் போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் 'அதுல சொல்றதுக்கு என்னத்தா இருக்கு' என்று எழுந்து போய்விடுகிறார். எப்படித் தொடங்குவது?"

போராட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். 'சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர்' என்பதெல்லாம் வெளியிலிருந்து நாம் வைக்கிற பெயர், அம்மாச்சிக்கு அது கடலுக்குப் போய் வந்த கதை. விரலில் துணி சுற்றுவது எப்படி என்று காட்டச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அப்படிக் கேட்டபோது, ஒரு அக்கா பழைய சேலைக் கிழிசலைப் பல்லால் கிழித்து, கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரல்களிலும் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே, இரும்பால் சுரண்டுவதை ஏன் விட்டோம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தூரோடு பிடுங்கினால் அந்தப் பாறையில் அடுத்த முறை பாசி இருக்காது என்பதைக் கையாலேயே காட்டினார். அதற்கு முன் இரண்டு நாள் நான் கேட்ட கேள்விகளுக்கு ஒற்றை வரியில்தான் பதில் வந்தது. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

வருஷம் கேட்டால் யாருக்கும் சரியாக வராது, அதில் தப்பில்லை. கடலோரத்தில் எல்லோருக்கும் பொதுவான அடையாளங்கள் இருக்கின்றன: 1964 தனுஷ்கோடிப் புயல், பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த 1988, 2004 சுனாமி, கலாம் ஐயாவைப் பேக்கரும்பில் அடக்கம் செய்த 2015. "வனத்துறை முதல் தடவை மறிச்சப்ப பாலம் வந்துருச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். அதே 2015இல்தான், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது அமெரிக்காவில் கிடைத்தது. அவர் கதை வெளியே தெரிந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கதையையே அச்சாக வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் போகாதீர்கள். ஒவ்வொருவரும் அன்றைக்கு எந்தத் தீவுப் பக்கம் போனார்கள், யார் கூடப் போனார்கள், வீட்டில் பிள்ளையை யார் பார்த்தார்கள் என்பது தனித்தனிக் கதை.

நாளும் பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் பாசிக்குப் போகிறவர்களைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் அசதியில் இருப்பார்கள். அட்டமி, நவமி பக்கம் போனால் நிதானமாக உட்காருவார்கள்.

கருவிக்குச் செல்போன் போதும், ஆனால் காற்றுதான் எதிரி. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் கடற்கரையில் உட்கார்ந்து பதிவுசெய்தால் இரைச்சல்தான் மிஞ்சும், அப்படி ஒரு மதியம் முழுவதையும் நான் இழந்திருக்கிறேன், அந்தப் பாட்டியை மறுபடி பார்க்கவும் வாய்க்கவில்லை. வீட்டுக்குள், ஃபேனை நிறுத்திவிட்டு, சட்டையில் குத்துகிற சின்ன மைக்கைச் சேலை ஓரத்தில் மாட்டி, அதன் மேல் பஞ்சு உறை போடுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். அரை நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவத்தில் சேமியுங்கள், நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் 1 ஜிபி வரை வரும். மூலக் கோப்பை வெட்டாமல் ஒட்டாமல் மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று கடலோரத்தை விட்டு வெளியே, மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலாவது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாகின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் அங்கிருந்து எடுப்பதும் குற்றம். அம்மாச்சி உங்களை நம்பி, இந்தத் தீவுக்கு, இன்னார் வள்ளத்தில், இந்த மாதம் போனோம் என்று சொல்வது உங்களுக்குக் கதை. வெளியே போனால் அதுவே வாக்குமூலம், அதில் இன்றைக்கும் கடலுக்குப் போகிற ஒருவரின் பெயர் இருக்கலாம். அதனால் பதிவு முடிந்ததும் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எது எல்லோருக்கும், எது ஊருக்கும் வீட்டுக்கும் மட்டும், எது தன் காலத்துக்குப் பிறகு என்று அவரே பிரிக்கட்டும். சம்மதத்தை முதலில் குரலில் வாங்குங்கள், அப்புறம் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ. நாளைக்கே மனசு மாறினாலும் எடுத்துவிடுவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் இணையத்தில் ஏற்றினால் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, வாட்ஸப்பில் போனதும் அப்படித்தான். பேத்தி கேட்டால் எந்தப் பாட்டியும் 'சரி' என்றுதான் சொல்வார். அதனால் அந்தச் சம்மதத்தை இன்னொரு நாள், வீட்டார் இல்லாதபோது, வேறொருவர் மறுபடி கேட்க வேண்டும்.

எழுதியெடுக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரமாவது ஆகும், தாமாக எழுதித் தருகிற செயலிகளை நம்ப வேண்டாம். வெளியூர்க்காரருக்கு மரிக்கொழுந்து என்றால் பூக்கட்டில் வைக்கிற வாசனைத் தழை, அம்மாச்சிக்கு அது அகர் என்கிற கூழ்ப்பொருள் எடுக்கிற பாசி. கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, 2000 வாக்கில் வளர்ப்புக்கென்று வந்து கம்பெனி பெயரே ஒட்டிக்கொண்ட பெப்சி பாசி, இப்படி ஒவ்வொரு சொல்லும் வரும்போது, அது எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும், என்ன விலை போனது என்று நிறுத்திக் கேட்டு எழுதுங்கள்.

வெளியே விடச் சம்மதித்த பகுதியைப் பாம்பனிலேயே இருக்கிற கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியில் போய்க் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு மெமரி கார்டில் முழுப் பேச்சையும் போட்டு, வீட்டில் எந்தப் போனில் ஓடுமோ அதில் ஓடுகிறதா என்று பார்த்து, அம்மாச்சி கையில் கொடுத்துவிடுங்கள்.